ஊரில் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் தேடியபோது

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக நான்கு மாதம் ஊரில் தங்க வேண்டியிருந்தது. எனக்கு ஆறு வருடமாக சிஎம்எல், அதாவது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். முதலில் இமாட்டினிப் என்ற மாத்திரை சாப்பிட்டேன். போன வருடம் டசாட்டினிப்புக்கு மாற்றினார்கள். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய்விட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பிசிஆர் என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் ஊரில்தான் எடுத்தாக வேண்டும்.

முதலில் ஒரு பெரிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனேன். டாக்டர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவர் அதிகம் பார்ப்பது மார்பகம், குடல் போன்ற இடங்களில் வரும் கட்டிகளை. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், கவலைப்படாதீங்க" என்றார். நெஞ்செரிச்சலுக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எழுதிக் கொடுத்தார். பிசிஆர் பற்றிப் பேச்சே இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நோயில் வெள்ளை அணு நார்மலாக இருப்பது மட்டும் போதாது. இந்த நோயில் காணப்படும் பிலடெல்பியா என்ற மாறிப்போன குரோமோசோமில் உருவாகும் கோளாறு மரபணு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை பிசிஆர்தான் சொல்லும். அந்த அளவு ஏறத் தொடங்கினாலும் அணுக்களின் எண்ணிக்கையில் அது உடனே தெரியாது.

அப்புறம் மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன். ரத்த நோய்களை மட்டும் பார்க்கும் ஹெமட்டாலஜிஸ்ட் இருக்கிறாரா? சிஎம்எல் நோயாளிகள் அவரிடம் வழக்கமாக வருகிறார்களா? நான்காவது இடத்தில் இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தது.

அங்கிருந்த ஹெமட்டாலஜிஸ்ட் ஒரு பெண். அவர் என் ஃபைலைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்டர்நேஷனல் ஸ்கேல்ல கடைசி பிசிஆர் எவ்வளவு?" வெவ்வேறு லேபின் பிசிஆர் எண்களை ஒப்பிட உதவும் பொது அளவுமுறை அது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது, மூச்சு வாங்குகிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று வரிசையாகக் கேட்டார். ஒமெப்ரசோல் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வயிற்றில் அமிலம் குறைந்தால் டசாட்டினிப் உடம்பில் சரியாகச் சேராதாம். அன்றே நிறுத்தச் சொன்னார். மாடிப்படி ஏறினால் லேசாக மூச்சு வாங்குகிறது என்றேன். இந்த மருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம் என்று சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவைத்தார். நல்லவேளை, நீர் எதுவும் இல்லை.

ரத்தத்தை எந்த லேபுக்கு அனுப்புவது என்பதிலும் கவனமாக இருந்தார். இன்டர்நேஷனல் ஸ்கேலில் ரிப்போர்ட் தராத லேபின் எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது. முடிவு 0.04 சதவீதம் என்று வந்தது. முன்பு 0.02. இரண்டு மடங்காகிவிட்டதே என்று நான் கலங்கிப் போனேன். "இவ்வளவு சின்ன அளவில், அதுவும் லேப் மாறும்போது, இந்த வித்தியாசம் சகஜம். 0.1க்குக் கீழேதானே இருக்கு? அடுத்த முறை உங்க பழைய லேபிலேயே எடுத்துப் பாருங்க" என்றார்.

திரும்பி வந்து அங்கேயே எடுத்தேன். 0.02.