நிரம்பி வழிந்த பேக்கப் டிஸ்க்: ஐந்து வருட அனுபவம்

திருநெல்வேலி ஜங்ஷனில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2020இல் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, விண்டோஸ் 10இல் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதியை அதில் ஓடவிட்டேன். மாறிய கோப்புகளை மணிக்கொரு தடவை தானாகவே தனிப் பிரதியாக எடுத்து வைத்துக்கொள்ளும். மூன்று வருடம் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதே மறந்துபோனது. பேக்கப்புக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் கிடையாது.

2023 நவம்பரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரு டிபி என்று விற்பதை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அது முழுக்கச் சிவப்பு. பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற இடத்தில், நாம் மாற்றாதவரை ‘ஃபார்எவர்’, அதாவது என்றைக்கும், என்றே இருக்கும். கல்யாண ஆல்பம் டிசைன் ஒன்று 700 எம்பி. மாப்பிள்ளை வீட்டார் பத்துத் திருத்தம் சொன்னால் பத்துப் பிரதி. அப்புறம் எப்படி இடம் இருக்கும்?

அப்போது அவசரப்பட்டேன். டிஸ்க்கைத் திறந்து, கோப்புப் பெயரில் 2021 என்று இருந்ததையெல்லாம் தேடிப் பிடித்து அழித்தேன். (ஃபைல் ஹிஸ்டரி ஒவ்வொரு பிரதியின் பெயரோடும் தேதியை ஒட்டிவைக்கும்.) இடம் கூடவில்லை. எல்லாம் அந்த டிஸ்க்கின் ரீசைக்கிள் பின்னில் கிடந்தது. அதையும் காலி செய்தேன்.

அடுத்த மாதமே டிசம்பர் 17, 18 பெருமழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. மாடி என்பதால் நான் தப்பித்தேன். தண்ணீர் வடிந்த பிறகு, ஊறிப்போன ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். “அண்ணாச்சி, 2021ல நம்ம பிள்ள கல்யாணம். ஏதாவது கெடக்கா?” ஃபைல் ஹிஸ்டரியில் தேதி இருந்தது, கோப்பு திறக்கவில்லை. கோப்பை மட்டும் நான் அழித்திருந்தேன், அதன் பட்டியல் அப்படியே இருந்தது. நல்லவேளை, மூலப் படங்கள் கணினியிலேயே இருந்தன. டிசைனைத்தான் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

2024இல் ஒழுங்காகச் செய்தேன். முதலில் பேக்கப்பிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு மீட்டு, திறந்து பார்த்தேன். மூலப் படங்களை இன்னொரு டிஸ்க்கில் போட்டுப் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிறகுதான் கண்ட்ரோல் பேனல், ஃபைல் ஹிஸ்டரி, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் பழைய பிரதிகளை நீக்கும் ‘கிளீன் அப் வெர்ஷன்ஸ்’. ஒரு வருடத்துக்கு மேற்பட்டவை என்று கொடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடி, ஏறக்குறைய 300 ஜிபி விடுவித்தது. ‘ஃபார்எவர்’ஐயும் ஒரு வருடமாக மாற்றிவிட்டேன்.

ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் கடைசிப் பிரதியை இது விட்டுவைக்கும் என்பது சரிதான். ஆனால் பேக்கப் எடுக்கச் சொல்லி நாம் கொடுத்த பட்டியலிலிருந்து நாமே நீக்கிவிட்ட ஃபோல்டருக்கு அந்தச் சலுகை இல்லை. பழசாக இருந்தால் கடைசிப் பிரதியும் போய்விடும். முடிந்த கல்யாணங்களைப் பட்டியலிலிருந்து எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாளையங்கோட்டை டிஸ்க் இல்லையென்றால் அன்று ராத்திரி மாட்டியிருப்பேன்.

டிஸ்க்கில் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்று, விண்டோஸோடு சேர்த்துக் கணினியை அப்படியே நகலெடுத்து வைத்த ஒரு ஃபோல்டர் 140 ஜிபிக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணினி படுத்தால் அப்படியே எழுப்ப என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். புதுக் கணினி வரும்வரை கிடக்கட்டும்.