சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: 43 நிமிடக் கணக்கும் அரைநாள் பயணமும்

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 356 கி.மீ. மதுரைக்குப் பறப்பதைவிட 60 கி.மீ. குறைவு. தூரம் காட்டும் இணையதளங்கள் இதை ஜெட் வேகத்தால் வகுத்து 'அரை மணி' என்று போட்டுவிடும். இந்தத் தடத்தில் ஓடுவதோ ஏடிஆர் 72, புரொப்பெல்லர் விமானம். மணிக்குச் சுமார் 500 கி.மீ. என்று வைத்தால் 43 நிமிடம். சென்னையில் வரிசையில் நின்று ஓடுபாதைக்குப் போவது, ஏறியதும் தெற்கே திரும்புவது, ஏற்றத்திலும் இறக்கத்திலும் குறையும் வேகம் எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஒன்றேகால் மணி ஆகிறது. அந்த நேரம் நியாயமானதுதான்.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. கொரோனாவில் நின்ற சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் ஏர் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. ஓடுபாதை குட்டை என்பதால்தான் ஏடிஆர். பெட்டிகளின் எடைக் கட்டுப்பாட்டை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடுதல் கிலோவை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுவது மலிவு.

இருக்கை எடுக்கும்போது ஜெட் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். ஏடிஆரில் முன்பக்கம் சரக்கு அறை; ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக. ஆகவே கடைசி வரிசைக்காரர்தான் குடியேற்ற வரிசையில் முதல் ஆள். முன்வரிசைகளில் புரொப்பெல்லர் இரைச்சல் காதை அடைக்கும். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை அது மறைக்காது. போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், கடலூர் முதல் கோடியக்கரை வரை கரைக்கோடு கூடவே வரும். மதிய விமானமென்றால் வெயிலும் அதே பக்கம்தான். மேலே உள்ள பெட்டியறை சிறியது. சக்கரப் பெட்டியைப் படிக்கட்டருகிலேயே வாங்கிக்கொள்வார்கள். மருந்தும் பாஸ்போர்ட்டும் தோள்பையில் இருக்கட்டும்.

பறப்பது குறைவு, காத்திருப்பது அதிகம். இது சர்வதேசப் பயணம்: இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இலங்கையின் ஆன்லைன் பயண அனுமதியைக் கிளம்புமுன் எடுத்து அச்சிட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். கவுண்டர் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பலாலியிலிருந்து யாழ் நகருக்கு இன்னும் 16 கி.மீ.க்கு மேல் சாலை. வீட்டு வாசலிலிருந்து யாழ் நகர் வரை குறைந்தது ஐந்தரை மணி நேரம் வையுங்கள்.

அப்படியும் கொழும்பு வழியை இது தூக்கிச் சாப்பிடுகிறது. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கே சுமார் 650 கி.மீ. பறந்து, பிறகு வடக்கே ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 110 கி.மீ.தான், ஆனால் நான்கு மணி நேரமாவது ஆகும், மழைக்காலத்தில் நிற்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் சென்னைக்கு வரவே வேண்டாம்: திருச்சியிலிருந்து 2025 மார்ச்சில் விமானம் தொடங்கியது, தூரம் சுமார் 185 கி.மீ.

ஒரே பலவீனம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வானிலை. வடகிழக்குப் பருவமழையில் சின்ன விமானம் நன்றாகக் குலுக்கும். பலாலியில் பார்வைத்தூரம் குறைந்தால் தரையிறங்காமல் சென்னைக்கே திரும்பவும் கூடும். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து மேற்கொண்டு வேறெங்காவது பறப்பவர்கள், திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது.