கோடியக்கரை பறவைப் பயணம்: நல்ல வழிகாட்டி, ஒரே ஒரு ஸ்கோப்

நாகப்பட்டினத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்க அழைத்துப் போகும் ஒரு சிறு குழுவோடு, ஜனவரி கடைசியில் நானும் என் நாத்தனாரும் போய்வந்தோம். தலைக்கு 1,400 ரூபாய். வேன், காலை இட்லி, மதியச் சாப்பாடு, வனத்துறைக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். கொடுத்த பணத்துக்கு மேலேயே கிடைத்தது என்பேன். அதற்குக் காரணம் அந்த வழிகாட்டிப் பையன்தான். கோடியக்காட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து அந்தச் சதுப்பில் நடந்து பழகியவர்.

விடியற்காலை நாலரைக்கு வேன் கிளம்பியது. வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய இடம். வண்டியை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்கள். பறவைக்கு வந்த நாளில் அது சரிதான்.

சோதனைச்சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு, பம்ப் ஹவுஸ் போகும் மண்சாலையில் இறங்கி நடந்தோம். இந்தச் சாலைக்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், அதைக் குழுவே வாங்கிவைத்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும். வெயில் முதுகில் விழும்படி எங்களை நிறுத்தினார் அந்தத் தம்பி. எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியுமாம்.

முதலில் எல்லோரும் கேட்டது பூநாரை. இருந்தன, தூரத்தில், நீண்ட வெளிர் கோடாக. முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்பது தெரிந்தது. சாம்பல் நிறத்தில் நின்றவை இளம் பறவைகள், சிவப்பு ஏற இன்னும் சில வருடங்கள் ஆகும். எங்களோடு வந்த ஒரு கல்லூரி மாணவர், "அண்ணே, கிட்டப் போய்க் கை தட்டினா பறக்கும்ல? ஒரு வீடியோ எடுத்துக்கிறேன்" என்றார். "பறக்கும் தம்பி. ஆனா நாம பறக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் அது தின்னது வீணாப் போகும். இங்க அது வந்ததே திங்கிறதுக்குத்தான்" என்று பதில் வந்தது. குரலை உயர்த்தவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் குழுவை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

அப்புறம்தான் எனக்கு நிஜமான பயணம் தொடங்கியது. சாலையோரச் சேற்றில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பறவைகள். எனக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரிந்தன. "டீச்சர், கூட்டத்தைப் பாக்காதீங்க. ஏதாவது ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பாருங்க" என்றார். பார்த்தேன். கொசு உள்ளான்கள் நாற்று நடும் பெண்களைப் போலக் குனிந்த தலை நிமிராமல் நகர்ந்துகொண்டே கொத்துகின்றன. உப்புக்கொத்தி அப்படி இல்லை: ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்டதை எடுக்கும், மறுபடி ஓடும். வளைமூக்கு உள்ளான் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் துழாவுகிறது. மூக்கான் வயிறு நனையும் தண்ணீரில் நின்று நீண்ட அலகை முழுக்க இறக்குகிறது. ஒரே சேற்றை அலகின் நீளத்துக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்கின்றன. உயிரியல் ஆசிரியையாக இதைப் படம் போட்டுப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். அதே பாடம் அன்று எதிரில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கொசு உள்ளான் முப்பது கிராம்கூடத் தேறாது. வட துருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1960களிலேயே இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டு ஆராயத் தொடங்கினார்கள். சாலிம் அலி வந்து தங்கிய இடம் இது. முன்பு வந்த அளவுக்குச் சிறு பறவைகள் இப்போது வருவதில்லை என்று அவர்களுடைய ஆய்வுகள் சொல்கின்றன. அதைக் கேட்டபின் அந்தச் சேற்றை விட்டு நகர மனம் வரவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பதினான்கு பேருக்கு ஒரே ஸ்கோப். நம் முறை வருவதற்குள் விராலடிப்பான் என்ற பருந்து மீனோடு போய்விட்டது. இன்னொன்று வேண்டும், கட்டணத்தில் நூறு ரூபாய் கூட்டினாலும் பரவாயில்லை. அதைவிடப் பெரிய குறை கழிப்பறை. வேதாரண்யத்தை விட்டால் மதியம் வரை வழியில்லை என்பதை முன்பதிவு செய்தபோது யாரும் சொல்லவில்லை. என் நாத்தனார் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றார். பெண்கள் பாதிப்பேர் இருக்கும் குழுவில் இதை யோசிக்காமல் விட்டிருக்கக் கூடாது. கேட்டபோது அடுத்த முறை நடுவில் ஒரு நிறுத்தம் வைப்பதாகச் சொன்னார்கள்.

மதியம் புளியோதரை, தயிர்சாதம். சுமார்.

பிற்பகலில் சரணாலயக் காட்டுப் பக்கம். 1967இல் வெளிமான்களுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு ஆண் வெளிமான்கள் நன்றாகவே தெரிந்தன, மட்டக்குதிரைகளும் மேய்ந்தன. 2018 கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. இந்தப் பகுதியை அவசரமாக முடித்தார்கள். பாலை மரக்காட்டுக்குள் இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரி நல்லது. நவம்பரில் மழைத்தண்ணீர் ஆழமாக நிற்கும், குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடம் குறைவு. தொப்பி, சொந்த பைனாகுலர், சேறு பட்டாலும் கவலைப்படாத செருப்பு வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோங்கள், வேனில் இடம் இருக்கிறது. பெண்கள் பதிவு செய்யும்போதே கழிப்பறை நிறுத்தம் எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.