பெரியம்மாவின் 5 லட்சம்: மனநல அமைப்புக்கு நிரந்தர நிதி கொடுத்த அனுபவம்

கோவையில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பகல்நேர மையம் நடத்தும் ஓர் அமைப்புக்கு எங்கள் பெரியம்மா போன வருடம் 5 லட்சம் நிரந்தர நிதியாகக் கொடுத்தார், அதோடு உயிலும் எழுதி வைத்துவிட்டார். கோபியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், குழந்தைகள் இல்லை, பேங்க், ஆடிட்டர், பத்திர ஆபீஸ் என்று அலைந்தது நான்தான். குறையும் சொல்லப் போவதால் அமைப்பின் பெயரைப் போடவில்லை. மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993ல் வந்த பான்யன் எல்லாம் மனநல வேலையில் பெயர் தெரிந்த அமைப்புகள், அங்கே கொடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "நான் பஸ் ஏறிப் போய்ப் பாக்கற தூரத்துல இருக்கோணும் கண்ணு" என்று முடித்துவிட்டார். சரி, போய்ப் பார்த்தோம். மையத்தில் எனக்குப் பிடித்தது, யாரையும் காட்சிப் பொருள் ஆக்கவில்லை. போட்டோ எடுக்க விடமாட்டார்கள், "இவருக்கு இன்ன வியாதி" என்று அறிமுகமும் கிடையாது. ஒரு ஹாலில் பாக்குமட்டைத் தட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஓர் அம்மா தட்டுகளை 25, 25ஆக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார், நான் ஒரு கட்டைக் கையில் எடுத்ததும் வாங்கி மறுபடி முதலிலிருந்து எண்ணி வைத்தார். பெரியம்மா சிரித்துவிட்டார். அங்கேயே மனது வந்துவிட்டது அவருக்கு.

ஏன் நிரந்தர நிதி, மாதாமாதம் கொடுத்தால் போதாதா? போதும்தான், கொடுப்பவர் இருக்கும் வரைக்கும். மனச்சிதைவு மாதிரியான நோய் பலருக்கு வருடக்கணக்கில் கூடவே வரும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் வாங்கிய மாத்திரையைப் போட்டாரா என்று கேட்க ஆள் வேண்டும், வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். கோயிலுக்கு அன்னதானக் கட்டளை வைப்பது போலத்தான் இதுவும், முதல் அப்படியே இருக்கும், வட்டியில் காரியம் நடக்கும். 5 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 35,000. ஒருவர் சம்பளத்துக்குக் காணாது, ஆனால் பஸ் சார்ஜுக்குத் திண்டாடும் சிலருக்கு வழி பிறக்கும்.

இனி குறைகள். நன்கொடைப் பிரிவில் போனை எடுத்தவர் இங்கிலீஷிலேயே பேசினார், படிவமும் இங்கிலீஷ். "தமிழ்ல இருந்தா நானே படிச்சுக் கையெழுத்துப் போட்டுக்குவனே" என்று பெரியம்மாவுக்கு வருத்தம். ஈரோடு, திருப்பூர், கரூர் என்று சுற்றுவட்டாரத்தில் கேட்டு வாங்குபவர்கள் இதைச் செய்ய வேண்டாமா?

அதைவிடப் பெரிசு, நன்கொடைக்கான வருமான வரிக் கழிவைப் பற்றி "80ஜியில பாதி தள்ளுபடி ஆயிரும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது. ஆகாது. கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்பது சரி, ஆனால் கணக்கில் எடுக்கும் நன்கொடைக்கு வருமானத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. வருமானம் 6 லட்சம் என்றால் 60,000 வரைக்கும்தான் கணக்கு, அதில் பாதி 30,000 கழியும், அவ்வளவுதான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரி முறையில் இருந்தால் மொத்தமாகவே கிடையாது. பெரியம்மா வரிக்காகக் கொடுக்கவில்லை, ஆனால் வரியை நினைத்துக் கொடுப்பவர் ஒரே வருடத்தில் கொட்டிவிட்டுப் பிறகு முழிப்பார்.

அப்புறம் ரசீது. சாதாரண நன்கொடை என்று போட்டு அனுப்பினார்கள். இது வெறும் எழுத்துப் பிழை இல்லைங்க. "இந்தத் தொகை கார்பஸ் நிதிக்கு", அதாவது நிரந்தர நிதிக்கு, என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்லியிருந்தால்தான் அது முதலாக நிற்கும், இல்லாவிட்டால் அந்த வருடச் செலவோடு செலவாகக் கரைந்துவிடும். நாங்கள் கடிதம் கொடுத்திருந்தோம், நகலும் கையில் இருந்தது, அதனால் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியவர் அங்கே கணக்கு பார்க்கும் பெரியவர், தப்பு என்று உடனே ஒப்புக்கொண்டு, அடுத்த வருட ஆடிட் அறிக்கையில் கார்பஸ் என்ற தலைப்பில் இந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள் என்றும் சொன்னார். மூன்றரையில் ஒரு மார்க் அவருக்கு.

நிதிக்குப் பெயர் வைப்பதில் வீட்டுக்குள்ளேதான் சண்டை. பெரியம்மா தன் தம்பி பெயரை, அதாவது எங்கள் சின்ன மாமன் பெயரை வைக்கச் சொன்னார், அவருக்கும் மனநலப் பாதிப்பு இருந்தது. "பொண்ணு பாக்க வர்ற எடத்துல கேப்பாங்க" என்று நங்கை (அண்ணி) ஒரு பக்கம், ஊர் வாய்க்கு அஞ்சி மாமா ஒரு பக்கம். "இருந்தப்பவும் ஒளிச்சு வெச்சீங்க, போனப்பறமும் ஒளிக்கோணுமா" என்று பெரியம்மா ஒரே வார்த்தை. பெயர் போட்டாயிற்று.

உயில் விஷயத்தில் அமைப்பு நல்ல உதவி. தொகையாக எழுதாமல் வைப்புத்தொகையில் இத்தனை பங்கு என்று எழுதச் சொன்னார்கள், அமைப்பின் பதிவுப் பெயரையும் பான் எண்ணையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தார்கள், ஒருவேளை அமைப்பே இல்லாமல் போனால் அதே வேலை செய்யும் வேறு அமைப்புக்கு என்று ஒரு வரியும் சேர்த்தோம். இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துவிட்டோம், சொந்தக்காரர்களைத் தெரியும் அல்லவா. பேங்கில் நாமினி போட்டால் உயில் எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்கத்தான், சொந்தம் யாருக்கு என்பதை உயிலும் வாரிசுச் சட்டமும்தான் சொல்லும்.

ஒன்று மட்டும் இன்னும் இழுபறி. இருபது வருடம் கழித்து அந்த 35,000க்கு என்ன வாங்க முடியும்? வட்டியில் கொஞ்சத்தை முதலோடு சேர்ப்பீர்களா என்று கேட்டதற்கு "கமிட்டியில் வைக்கிறோம்" என்றார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை, வந்தால் நாலாக்கிவிடுகிறேன். போகிறவர்கள் போனில் பேசி நேரத்தை வீணாக்காமல் நேரில் போய்க் கணக்குப் பிரிவில் கேளுங்கள்.