டேலிபிரைமுக்கு மாறியபோது நாங்கள் பெற்ற பயிற்சிச் சேவை

ஈரோட்டில் லுங்கி, துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக டேலி இஆர்பி 9 மென்பொருளில்தான் கணக்கு எழுதி வந்தோம். கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும், அந்தப் பதிவை நிறுத்த முடியாத மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்பதால், டேலியின் புதிய மென்பொருளான டேலிபிரைமில், திருத்தங்களை இப்படிப் பதிந்து வைக்கும் எடிட் லாக் பதிப்புக்கு மாறினோம். மென்பொருளை நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதில் ஆறு பேரைப் பழக்குவதற்காக உள்ளூர்ப் பயிற்சி நிலையம் ஒன்றை 18,000 ரூபாய்க்கு அமர்த்தினோம். நான்கு நாள் பயிற்சி, ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு நாள் வருகை என்பது ஏற்பாடு. அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் குறை, நாள் குறித்த விதத்திலேயே தொடங்கியது. அவர்கள் கொடுத்த தேதி ஏப்ரல் 10 முதல் 13 வரை. ஏப்ரல் 11, மார்ச் மாத விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று செவ்வாய்க்கிழமை, ஊரில் ஜவுளிச் சந்தை கூடும் நாள். அதே வாரக் கடைசியில் சித்திரைப் பிறப்பு வேறு. ஜவுளிக் கடைக்குப் பயிற்சி தர வருகிறவர்கள் இவற்றைக் கேட்டறிந்த பிறகே தேதி குறித்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட எங்களுக்கும் அதில் பங்குண்டு. மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலும் முடிந்து, 20ஆம் தேதிக்குப் பின் மாதக் கடைசி வரை இருக்கும் நாட்களே கணக்குப் பிரிவுக்கு ஏற்றவை.

முதல் இரண்டு நாட்கள் திரையில் படம் காட்டி வகுப்பு எடுத்தார்கள். மென்பொருளில் உள்ள எல்லா மெனுக்களையும் வரிசையாகக் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் நாள்தோறும் தொடுவது அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சந்தை நாளன்று பில் போடும் பெண் பாதி நேரம் வெளியே எழுந்து போக வேண்டியிருந்தது. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இதையெல்லாம்விடப் பெரிய தவறு, பழகுவதற்கான பதிவுகளை எங்கள் உண்மையான கம்பெனிக் கணக்கிலேயே போட வைத்தது. மாலையில் அவற்றை அழித்துவிட்டோம். ஆனால் எடிட் லாக் பதிப்பில் அழித்த பதிவுக்கும் தடம் இருக்கும். அடுத்த ஆண்டு தணிக்கையின்போது, இல்லாத வாடிக்கையாளர் பெயரில் போட்டு அழிக்கப்பட்ட பில்கள் எதற்கு என்று ஆடிட்டர் கேட்டார்; எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தோம். டேட்டாவை நகலெடுத்து, வேறு பெயரில் ஒரு பயிற்சிக் கம்பெனியாக வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

மூன்றாம் நாள் வேறொரு பயிற்றுநர் வந்தார். நல்ல வேலை அன்றிலிருந்துதான் தொடங்கியது. அவர் வகுப்பே எடுக்கவில்லை. ஒவ்வொருவரின் மேசையருகிலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதை நீங்கள் இதுவரை எப்படிச் செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டு, அவர்கள் செய்வதைப் பார்த்த பிறகே புதிய வழியைச் சொன்னார். எங்கள் கணக்குப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது. விசைப்பலகையைப் பார்க்காமலே வவுச்சர் (கணக்குப் பதிவு) போடக்கூடியவர். அத்தனை பேர் நடுவில், தம்மிடம் தொழில் கற்ற பெண்ணின் எதிரில், தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராமல் இரண்டு நாளும் பேசாமலே இருந்திருக்கிறார். பயிற்றுநர் அவரிடம் முதலில் காட்டியது, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன என்பதை. பிறகு ஆல்ட்+ஜி அழுத்தி, வேண்டிய அறிக்கையின் பெயரில் நாலு எழுத்தைத் தட்டினால் எந்த இடத்திலிருந்தும் அங்கே போய்விடலாம் என்று காட்டினார். பெரியவர் அதைத் தாமே மூன்று முறை செய்து பார்த்தார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அன்றைய மாலை போதவில்லை.

மே மாத மறுவருகைதான் இந்தச் சேவையின் உயிர் என்பேன். அதற்குள் ஒரு சிக்கல் முளைத்திருந்தது. திருப்பி அனுப்பிய சரக்குக்குப் பாக்கி குறையவில்லை என்று கரூர்க் கடைக்காரர் ஒருவர் இருமுறை போன் செய்திருந்தார். அதே இரண்டாம் பயிற்றுநர், அன்றாடப் பதிவுகளின் பட்டியலான டே புக்கைத் திறந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்த சரக்குக்கு ஒரு கிரெடிட் நோட், அதாவது வாடிக்கையாளரின் பாக்கியைக் குறைக்கும் பதிவு, போடும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். அவர் விரல் பழக்கத்தில் கண்ட்ரோல்+எஃப்8 அழுத்தினார். பழைய மென்பொருளில் கிரெடிட் நோட்டுக்கு அதுதான் விசை. டேலிபிரைமில் அது ஆல்ட்+எஃப்6, கண்ட்ரோல்+எஃப்8 அழுத்தினால் வருவது சேல்ஸ் ஆர்டர், அதாவது வாடிக்கையாளர் கேட்ட சரக்கைக் குறித்து வைக்கும் பதிவு. பார்ட்டி பெயர், சரக்கு, தொகை எல்லாம் கேட்கும் அதே மாதிரியான திரைதான், மேலே தலைப்பு மட்டும் வேறு. ஆர்டர் பதிவால் பாக்கியும் மாறாது, இருப்பும் மாறாது. ஒன்பது ரிட்டர்ன்கள் இப்படி ஆர்டர்களாக உட்கார்ந்திருந்தன. யாரையும் குறை சொல்லாமல் ஒன்பதையும் அவரைக் கொண்டே சரிசெய்ய வைத்தார். பிறகு எங்கள் கடையில் புழங்கும் பன்னிரண்டு விசைகளுக்கு மட்டும் பழையது, புதியது என இரண்டு பத்தியாகத் தமிழில் ஓர் அட்டை எழுதி ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

முதல் நாள் வகுப்பில் இந்த விசை மாற்றத்தை ஒரு படத்தில் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. பதினைந்து ஆண்டு விரல் பழக்கத்தை ஒரு படம் மாற்றாது. வேலை நடக்கும் இடத்தில், தவறு நேரும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் மாறும்.

கொடுத்த தொகை நியாயமானதா என்று கேட்டால், மூன்றாம், நான்காம் நாட்களுக்கும் மறுவருகைக்கும் முழுமையாக நியாயம். முதல் இரண்டு நாட்களுக்கு இல்லை. இந்த நிலையத்தையோ இதுபோன்ற வேறு நிலையத்தையோ அமர்த்துகிறவர்கள், வகுப்பு நேரத்தை அரை நாளாகக் குறைக்கவும், பயிற்சிக்குத் தனிக் கம்பெனி நகல் வைக்கவும், மறுவருகையை ஒன்றுக்கு இரண்டாகப் பெறவும் முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கிடங்கு இருப்புக் கணக்கையும் கணினிக்கு மாற்ற இருக்கிறோம். அதற்கும் இவர்களையே அழைத்திருக்கிறேன், அந்த இரண்டாம் பயிற்றுநர்தான் வர வேண்டும், இருபதாம் தேதிக்குப் பிறகுதான் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.