ஜாகுவார் இ-டைப்பா, போர்ஷே 911-ஆ?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். 1960களின் வண்டிகளை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

பிறப்பு:
இ-டைப் - 1961, ஜெனீவா கண்காட்சி.
911 - 1963, பிராங்பர்ட். அப்போது பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுக்கே உரியவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆனது.

எஞ்சின்:
இ-டைப் - முன்னால், தொடக்கத்தில் 3.8 லிட்டர் (1964 முதல் 4.2), நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது.
911 - பின்னால், 2 லிட்டர், படுத்த ஆறு சிலிண்டர், காற்றால் குளிர்வது.

பந்தயம்: இ-டைப்பின் எஞ்சின் குடும்பம்தான் 1951 முதல் 1957 வரை பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவாருக்கு ஐந்து வெற்றி தந்தது. ஆனால் வென்றவை அதற்கு முந்தைய சி-டைப், டி-டைப் பந்தயக் கார்கள். 911-ஓ தானே இறங்கி 1968, 69, 70 என்று மூன்று வருடம் தொடர்ந்து மான்டி கார்லோ ராலியை வென்றது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய வித்தியாசம்.

பராமரிப்பு: இரண்டுமே துருப்பிடிக்கும், அடிப்பாகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இ-டைப்பின் முன்பக்கம் முழுதாகத் திறக்கும், எஞ்சின் வேலை சுலபம். பின்பக்க பிரேக்கோ சக்கரத்தில் இல்லாமல் உள்ளே டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஒட்டி இருக்கும், கைவைப்பது சிரமம். 911 காற்றால் குளிர்வதால் ரேடியேட்டர் தொல்லையே இல்லை. அப்புறம், வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் அதன் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்.

அழகுக்கும் நிதானமான நெடும்பயணத்துக்கும் இ-டைப். அடிக்கடி ஓட்ட, மலைப்பாதையில் விரட்ட 911.