ஏலகிரியா, ஜவ்வாதா? நெடுந்தூர மலை சைக்கிள் பந்தயத்துக்கு எங்கே தயாராவது?

எங்கள் தெருவில் வளர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் ஏறிவிட்டேன். நூறு கிலோமீட்டர் மலை சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு. அதைக் குலைக்க மனம் வரவில்லை என்றாலும் உண்மையைத்தான் சொன்னேன். "கொடு தம்பி. ஆனால் அதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஜவ்வாது மலைக்கு என்னுடன் வா."

1989 வரை இரண்டு மலைகளும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. இன்று ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஜவ்வாதோ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வேலூரில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரம்தான். அதனாலேயே எது அருகில் வாய்க்கிறதோ அதில் ஏறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன்.

ஏலகிரியின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலையடிவாரப் பொன்னேரி அருகில்தான். அங்கிருந்து மேலே போகும் தார்ச்சாலை ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏறுகிறது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் கடக்கும்போது ஒரு படி ஏறிய நிறைவு வரும். சரிவு பெரும்பாலும் சீரானது என்பதால் ஒரு கியரில் உட்கார்ந்து, மூச்சையும் மிதியையும் ஒரே தாளத்தில் வைத்துக்கொண்டு ஏறலாம். இதயத் துடிப்பைப் பார்த்துப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் நம் பக்கத்தில் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை, அதே நேரத்தில், அதே துடிப்பில் ஏறிப் பாருங்கள். மேலே சேரும் நேரம் குறைந்திருந்தால் உடல் தேறியிருக்கிறது. ஏலகிரியை நான் இந்தச் சோதனைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் மலை சைக்கிள் பந்தயம் சீராக ஏறுவதே இல்லை. மாரத்தான் வகைப் பந்தயம் 60 முதல் 160 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயத்தில் இருவர் ஒரு அணியாக எட்டு நாட்கள் ஓட்டுகிறார்கள். அவர்கள் ஏறும் மொத்த உயரம் 15,000 மீட்டரை ஒட்டி வரும். கணக்குப் போட்டால் ஏலகிரியை 25 முறை ஏறுவதற்குச் சமம். ஆனால் அந்த உயரம் துண்டு துண்டாக வருகிறது. இருபது மீட்டர் செங்குத்து, உடனே இறக்கம், ஓடைக் கற்கள், மணல், மறுபடி செங்குத்து. ஒவ்வொரு செங்குத்திலும் சில நொடிகள் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது. நான்காவது மணியில் அந்தச் சில நொடிகளுக்குக் கால் கேட்காது. தோளும் மணிக்கட்டும் பிரேக் பிடித்தே மரத்துப்போயிருக்கும். இதையெல்லாம் தார்ச்சாலையில் எப்படிப் பழக்குவது?

ஜவ்வாது இங்கேதான் வேறு மலையாகிறது. வேலூரிலிருந்து கணியம்பாடி, அமிர்தி வழியாக ஏறி, நம்மியம்பட்டு பக்கம் போய், ஜமுனாமரத்தூரைத் தொட்டுத் திரும்பினால் அது ஒரு முழு நாள் வேலை. மேலே போய்விட்டோம் என்று நினைக்கும்போது சாலை இறங்கும். இறங்கிய உயரத்தை உடனே திரும்பக் கேட்கும். ஊர்களுக்கு இடையே சாமைக் கொல்லைகளின் ஓரமாகப் போகும் மண்தடங்களில் சரளையும் வேரும் மாறி மாறி வரும். மழை பெய்த மறுநாள் செம்மண் டயரில் அப்பிக்கொள்ளும். ஒரு கியரில் பத்து நிமிடம் தங்க முடிந்தால் அதிசயம். பந்தயத்தில் நடப்பதும் அச்சு அசல் இதுதான்.

சாப்பிடப் பழகுவதும் இங்கேதான். உடலில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குள் பெருமளவு தீர்ந்துவிடும். அதனால் தொடக்கம் முதலே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம்தான் இருக்கிறது. குலுங்கும் சைக்கிளில், வியர்வையில், பசியே இல்லாதபோது அவ்வளவும் சாப்பிடுவது தனிப் பயிற்சி. ஏலகிரி ஏற்றம் எனக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கே வயிறு எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஜவ்வாதில் வாழைப்பழமும், வெல்லம் கரைத்து உப்புப் போட்ட எலுமிச்சை நீரும் எனக்கு ஒத்துக்கொண்டன. கேழ்வரகுக் களி அருமையான உணவு. ஆனால் அதை முந்தைய நாள் சாப்பிடுங்கள். ஓட்டும்போது வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும்.

ஒருமுறை நம்மியம்பட்டுக்கு அப்பால் செயின் அறுந்துபோனது. உதிரி இணைப்பு எடுத்துச் செல்லவில்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழியில் இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி குடும்பத்தார் திண்ணையில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா, "மழைக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இதே தடத்தில்தான் இறங்குகிறோம்" என்றார். நாம் சந்தோஷமாகத் தேடிப் போகும் கரடுமுரடான தடம் அவர்களுக்குத் தார் போடாத சாலை. அன்றிலிருந்து மலை ஊருக்குள் போகும்போது வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைப்பதில்லை. 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு அந்த விதிகளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரவு ஓட்டம் பழக வேண்டியவர்களுக்கு ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் பக்கம் நல்ல இருட்டு. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பதே அந்த இருட்டுக்காகத்தான் என்பதால், அதன் அருகில் பெரிய விளக்குகளை எரித்துக்கொண்டு போக வேண்டாம்.

வார நாட்களில் இரண்டு மலைக்கும் போக முடியாது. அதற்கு வேலூரை ஒட்டிய பாலமதி மலை இருக்கிறது. ஓட்டேரி ஏரியைத் தாண்டி முருகன் கோவிலுக்கு ஏறும் சாலையில் செங்குத்தான பகுதிகளைத் தேர்ந்து நான்கைந்து முறை ஏறி இறங்கினால் அலுவலகத்துக்கு முன் வேலை முடிந்துவிடும். பாலாற்று மணலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சமநிலை பழக அரை மணி நேரம் போதும்; அதற்கு மேல் செயினும் பேரிங்கும்தான் தேயும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஏலகிரி மேலே குளிர்ச்சி என்று அங்கே ஓடுவார்கள். கோடைக் கூட்டத்தின் கார்களுக்கு நடுவே இறங்குவதுதான் எனக்குப் பயம். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். உங்கள் பந்தயம் சமவெளி வெயிலில் என்றால் வெயிலில்தான் பழக வேண்டும், நண்பகலை மட்டும் விட்டுவிட்டு.

ஆக, தம்பிக்குச் சொன்ன கணக்கு இதுதான். செவ்வாயும் வியாழனும் பாலமதி. ஞாயிறுதோறும் ஜவ்வாது, முதல் வாரம் நான்கு மணி நேரம், பிறகு வாரம் அரை மணி கூட்டி, நான்காவது வாரம் ஐந்தரை மணி. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஏலகிரியில் ஒரு நேரச் சோதனை. அதற்குப் பிறகு ஓய்வும் லேசான மிதியும் மட்டும். அவன் தலையாட்டினான். வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கணியம்பாடியில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். செயின் உதிரி இணைப்பு இரண்டு கொண்டு வரச் சொன்னேன்: ஒன்று அவனுக்கு, ஒன்று வழியில் யாருக்காவது.